பிரம்பு கற்பிக்காத பாடம்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. செம்பட்டை நிறமும் எப்போதும் விறைத்து நிற்கும் காதுகளும் உடைய அந்தப் பிராணி, குட்டியாக வந்து சேர்ந்த முதல் மாதத்தில் கூடத்து மூலையில் சிறுநீர் கழித்துவிடும்போதெல்லாம், வீட்டுப் பெரியவர் ஒருவர் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ஈரமான இடத்திலே மூக்கைத் தேய்த்து, சுருட்டிய செய்தித்தாளால் முதுகில் இரண்டு அடி கொடுத்து, வாசலில் தள்ளிக் கதவைச் சாத்துவார். அது கொடுமை என்று அவரும் நினைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் நினைக்கவில்லை. தெருவில் நாய் வளர்த்த வீடுகளிலெல்லாம் அதுதான் வழக்கம். சில வாரங்களில் மணி கூடத்து மூலையை விட்டுவிட்டது, பெரியவரும் மகிழ்ந்தார். ஆனால் உள்ளறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளுக்குப் பின்னால், எவரும் எட்டிப் பாராத இருட்டிலே, அது தன் காரியத்தைச் செய்து வந்ததென்பது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக மூட்டைகளை நகர்த்தியபோதுதான் தெரிந்தது.

மணி மந்தபுத்தியுள்ள நாயன்று. தனக்குக் கற்பிக்கப்பட்டதை அது பழுதறக் கற்றுக்கொண்டது. கூடத்தில் கழிக்கலாகாது, தோட்டத்தில் கழிக்கலாம் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததாக எண்ணிக்கொண்டிருந்தோம். மனிதர் கண்ணெதிரே கழித்தால் அடி விழும், கண்மறைவில் கழித்தால் விழாது என்று அது தெரிந்துகொண்டது. அதன் பிறகு, சங்கிலியைப் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றால், எவ்வளவு நேரமானாலும் எங்கள் எதிரில் காலைத் தூக்காமல் அடக்கிக்கொண்டே நிற்கும். அதைப் பிடிவாதம் என்று வைது, அதற்கும் இரண்டு அடி கொடுத்தோமே என்பதை இன்று நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழி தலைமுறை தலைமுறையாக நம்மிடையே வழங்கி வருகிறது. அடித்தால் பிராணி அடங்கும் என்பதில் சந்தேகமில்லை. அடங்குவது வேறு, அறிந்துகொள்வது வேறு. வாயில்லாத ஜீவனுக்கு நாம் ஒரு காரியத்தைக் கற்பிக்க விரும்பினால், அது செய்யும் நூறு அசைவுகளுக்கு நடுவே நமக்கு வேண்டிய அசைவு எது என்பதை, அந்த அசைவு நிகழும் க்ஷணத்திலேயே, சந்தேகத்துக்கு இடமின்றி அதற்குத் தெரிவிக்க வேண்டும். பிரம்பு ‘தப்பு’ என்று மட்டுமே சொல்லும். எது சரி என்பதைச் சொல்ல அதற்கு வழியில்லை. அன்றியும், குற்றம் நடந்து ஐந்து நிமிஷம் கழித்து விழும் அடி, குற்றத்தோடு சேராமல், அடிக்கும் கையோடும் அந்தக் கைக்குரிய மனிதரோடும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கு உலகத்தின் பல பாகங்களில் நாய் பழக்குவோர் இன்று கையாளும் உபாயம் மிகச் சிறிய ஒரு கருவி. இரண்டு விரல்களுக்கிடையே அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. அதனுள்ளே ஓர் எஃகுத் தகடு. பெருவிரலால் அழுத்தினால் ‘டிக்’ என்றொரு கூர்மையான ஓசை எழும். கிளிக்கர் என்பது அதன் பெயர். நாய் சரியான காரியத்தைச் செய்யும் அந்த நொடியில் ஓசை எழுப்பப்படுகிறது. ஓசையைத் தொடர்ந்து தவறாமல் ஒரு சிறு தின்பண்டம் கொடுக்கப்படுகிறது. முறை இவ்வளவே. ஆயினும் இவ்வளவு எளிய முறை மனிதர் கைக்கு வந்து சேர்வதற்குப் பாதி நூற்றாண்டுக் காலம் பிடித்தது. அது வந்த வழியோ புறாக்களையும் பன்றிகளையும் கடல்வாழ் டால்பின்களையும் தொட்டு வந்த சுற்றுவழி.

அமெரிக்க உளநூற் பண்டிதர் எட்வர்ட் தார்ண்டைக், பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறந்து வெளியேறக் கற்றுக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்து 1898-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்பமான பலனைத் தரும் செயல் மீண்டும் நிகழும், துன்பமான பலனைத் தரும் செயல் அருகிப்போகும் என்பது அவர் கண்ட விதி. அதே காலத்தில் ருஷ்யாவில் ஐவன் பாவ்லோவ், உணவுக்கு முன்னறிகுறியாக வரும் எந்த ஒலியும் நாளடைவில் நாயின் வாயில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் என்பதை நிரூபித்துக்கொண்டிருந்தார். கிளிக்கர் முறையில் இந்த இருவர் கண்ட உண்மைகளும் ஒன்று சேர்கின்றன. ஓசை உணவுக்குச் சமமான மதிப்பைப் பெறுவது பாவ்லோவின் விதிப்படி; அந்த ஓசையைச் சம்பாதிப்பதற்காக நாய் தன் செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது தார்ண்டைக்கின் விதிப்படி.

இவ்விரண்டையும் இணைத்துக் கற்பித்தலை ஒரு கலையாக்கிய பெருமை மற்றோர் அமெரிக்க உளநூற் பண்டிதரான பி. எஃப். ஸ்கின்னரைச் சேரும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, எறிகுண்டை இலக்கு நோக்கிச் செலுத்துவதற்குப் புறாக்களைப் பழக்கலாம் என்ற விசித்திரமான திட்டமொன்றை அமெரிக்க அரசாங்கத்திடம் சமர்ப்பித்து, மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு மாவு மில்லின் மேல்மாடியில் அவரும் அவருடைய மாணாக்கர்களும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1943-ஆம் ஆண்டில் ஒரு நாள், வாஷிங்டனிலிருந்து உத்தரவு வராத ஓய்வு நேரத்தில், ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்பித்தால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியது. புறா அலகால் பந்தைத் தள்ளும்போது தீனி கொடுப்பதென்று காத்திருந்தார்கள், புறா தள்ளவேயில்லை. பொறுமையிழந்து, அது பந்தைத் திரும்பிப் பார்த்தாலே போதும் என்று தீனி கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு பந்தை நெருங்கினால், பிறகு அலகு பட்டால். சில நிமிஷங்களுக்குள் அந்தப் பறவை, பெட்டியின் சுவர்களில் மோதித் தெறிக்கும்படி பந்தை அடித்து விளையாடத் தொடங்கிவிட்டது! முழுக் காரியத்துக்காகக் காத்திராமல், அதன் சாயல் தென்பட்ட மாத்திரத்தில் சன்மானம் தந்து, சிற்பி கல்லைச் செதுக்குவதுபோல் படிப்படியாக நடத்தையை உருவாக்கலாம் என்ற ரகசியம் அன்று வெளிப்பட்டது. கிளிக்கர் முறைக்கு உயிர்நாடி இதுவே.

யுத்தம் முடிந்த பின் 1951-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ‘ஸயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையில் ஸ்கின்னர் எழுதிய கட்டுரையொன்று, பிராணிகளுக்குக் கற்பிக்கும் விதத்தைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கியது. சரியான செயலுக்கும் சன்மானத்துக்கும் நடுவே ஒரு விநாடி தாமதமானாலும் பயன் பெரிதும் குன்றிவிடும் என்றும், ஆகையால் ஒரு சத்தத்தை முதலில் உணவோடு இணைத்துப் பழக்கிவிட்டு அந்தச் சத்தத்தையே உடனடிச் சன்மானமாக வழங்கலாம் என்றும் சொல்லி, அதற்காகக் குழந்தைகள் வைத்து விளையாடும் ‘கிரிக்கெட்’ என்னும் தகரப் பொம்மையை அவர் சிபாரிசு செய்தார். இங்கே கிரிக்கெட் என்பது பந்தாட்டமன்று, சுவர்க்கோழி. அந்தப் பூச்சியின் ஒலியை எழுப்புவதால் பொம்மைக்கு அப்பெயர். 1944-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நார்மண்டியில் இரவிலே பாராசூட் மூலம் இறங்கிய அமெரிக்க வீரர்கள், இருட்டில் தம்மவரை அடையாளம் கண்டுகொள்வதற்காகக் கையில் வைத்திருந்ததும் இதே இனத்துக் கருவிதான். ஒரு முறை ஒலித்தால் எதிரே இருப்பவர் இரு முறை ஒலிக்க வேண்டும். இருளில் ஒருவரையொருவர் காணாத இரு மனிதருக்கு இடையிலும், ஒரே பாஷையைப் பேசாத மனிதனுக்கும் நாய்க்கும் இடையிலும் அந்தச் சிற்றொலி ஒரே ஊழியத்தைச் செய்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது.

ஸ்கின்னரின் கட்டுரையை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். எனினும் நாய் பழக்குவோர் நாயின் கழுத்துச் சங்கிலியைக் கைவிடவில்லை. அந்த வித்தையைச் சோதனைச்சாலைக்கு வெளியே கொண்டுவந்து, அதையே ஜீவனோபாயமாக மேற்கொண்டவர்கள் அவருடைய மாணாக்கத் தம்பதிகளான கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும். படிப்பை நடுவில் விட்டுவிட்டு, பிராணிகளைப் பழக்கும் தொழில் ஒன்றைத் தொடங்கி, அர்க்கன்ஸா ராஜ்யத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் குடியேறி, 1955-இல் அங்கே ‘ஐ. க்யூ. ஸூ’ என்றொரு காட்சிசாலையை அமைத்தார்கள். கோழி நடனமாடியது, வாத்து சிறு பியானோவில் அலகால் தட்டியது. விளம்பரங்களுக்கும் சந்தைகளுக்கும் பிராணிகள் வேண்டுமென்றால் நாடெங்குமிருந்து அவர்களையே தேடி வந்தார்கள்.

இந்தத் தம்பதிகளை நான் மதிப்பதற்கு அவர்களுடைய வெற்றியைவிட, தங்கள் தோல்வியை மறைக்காமல் எழுதிய நேர்மையே முக்கிய காரணம். மரத்தாலான பெரிய நாணயங்களை எடுத்துச் சென்று உண்டியலில் போடும்படி அவர்கள் பன்றிகளைப் பழக்கினார்கள். முதலில் வெகு சுறுசுறுப்பாக அந்த வேலையைச் செய்த பன்றி, சில வாரங்கள் சென்றதும், நாணயத்தை வழியில் போட்டு மூக்கால் மண்ணைக் கிளறி உருட்டத் தொடங்கியது. பசி அதிகரிக்க அதிகரிக்க அந்த உருட்டலும் அதிகரித்தது. ராக்கூன் என்ற பிராணியோ, இரண்டு நாணயங்களைக் கையில் கொடுத்தால் பெட்டியில் போட மனமின்றி ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டேயிருந்தது. ஆகாரத்தோடு தொடர்புபட்ட பொருளைக் கண்டவுடன், அந்தந்த இனத்தின் பிறவிச் சுபாவம் கற்பித்த பாடத்தை மீறி மேலே வந்துவிடுகிறது என்று 1961-இல் அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். கல்வி எவ்வளவு நுட்பமாயினும் பிராணியின் சுபாவத்தை அறிந்தே அதன்மேல் கட்டப்பட வேண்டும் என்பதை நாய் வளர்ப்போரும் மனத்தில் வைக்க வேண்டும். வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை நாய், ஓடும் முயலைக் கண்டால் காது கேளாததுபோல் பாயும். அதை நன்றிகெட்ட தன்மை என்று வைவது அறியாமை.

நாயுலகம் கண்திறப்பதற்குக் கடலிலிருந்து உதவி வர வேண்டியிருந்தது. டால்பினுக்குக் கழுத்துப்பட்டை கட்ட முடியாது. சங்கிலியால் இழுக்க முடியாது. பிரம்பைக் காட்டினால் நீந்தி மறு கரைக்குப் போய்விடும். அடிப்பதற்கு வழியே இல்லாத மாணாக்கனுக்கு ஆசிரியன் என்ன செய்வான்? ஹவாய்த் தீவில் 1964-இல் திறக்கப்பட்ட ‘ஸீ லைஃப் பார்க்’ என்ற கடற்பூங்காவில் தலைமைப் பயிற்சியாளராக விளங்கிய கேரன் பிரையர் என்ற அம்மையார், டால்பின் துள்ளி எழும் உச்சிக் கணத்தில் ஊதலை ஒலித்து, பின்பு மீனை எறியும் முறையால் அந்தப் பிராணிகளைப் பழக்கினார்.

மாலியா என்ற டால்பினைப் பற்றி அவர் எழுதியிருக்கும் சம்பவம் மறக்கற்பாலதன்று. பழக்கும் விதத்தைப் பார்வையாளருக்கு நேரில் காட்டும் பொருட்டு, ஒவ்வொரு காட்சியிலும் அது தானாகச் செய்யும் ஏதேனும் ஒரு புதிய அசைவுக்கு மட்டுமே ஊதல் ஒலிப்பதென்று முடிவு செய்தார்கள்; முன் காட்சியில் பரிசு பெற்ற அசைவுக்கு மறு காட்சியில் பரிசில்லை. சில நாட்களில் பழைய வித்தைகளெல்லாம் தீர்ந்துபோயின. அது பழைய அசைவுகளையே செய்து பார்த்தது, ஊதல் ஒலிக்கவில்லை. பிறகு ஒரு நாள், எவரும் கற்பிக்காத, எவரும் அதுவரை கண்டிராத கோலங்களில் அது நீந்தத் தொடங்கியது; தலைகீழாகப் புரண்டு வாலை நீருக்கு மேல் உயர்த்தியது; புதிது புதிதாகப் படைத்துக்கொண்டே போயிற்று. ‘புதியதைச் செய்தால்தான் பரிசு’ என்ற சூக்ஷ்மமான விதியையே அது கிரகித்துவிட்டதென்று தோன்றியது. ஹௌ என்ற மற்றொரு டால்பினைக் கொண்டு முறைப்படி பரீட்சித்து, 1969-இல் அந்த ஆராய்ச்சியை விஞ்ஞானப் பத்திரிகையொன்றில் வெளியிட்டார்கள். அடிக்கு அஞ்சும் பிராணி, புதிதாக எதையும் செய்து பார்க்கத் துணியாது; அசையாமலிருப்பதே அதற்கு க்ஷேமம். தவறினாலும் தண்டனையில்லை என்று நம்பும் பிராணியோ தன் புத்தியை ஓடவிட்டுப் பார்க்கிறது. அடித்துப் பழக்கிய நாயின் கண்ணுக்கும் கிளிக்கரால் பழகிய நாயின் கண்ணுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டவர்களுக்கு இதற்கு வேறு பிரமாணம் வேண்டியதில்லை.

1984-இல் கேரன் பிரையர் எழுதிய ‘டோன்ட் ஷூட் தி டாக்’ என்ற நூல் இந்த முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. 1992 முதல் அவரும் சக பயிற்சியாளர்களும் நாய் வளர்ப்போருக்கென நடத்திய செயல்விளக்க வகுப்புகளில், ஊதலின் இடத்தைக் கிளிக்கர் பெற்றுக்கொண்டது.

வீட்டிலே இதைச் செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்காக ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். வாசல் மணி ஒலித்தவுடன் குரைத்துக்கொண்டு ஓடி, வந்தவர் மார்பில் முன்னங்கால்களை வைத்துப் பாயும் நாய் பல வீடுகளில் உண்டு. ‘சீ, இறங்கு’ என்று நாம் போடும் கூச்சலை நாய், நாமும் கூடச் சேர்ந்து குரைப்பதாகவே கொள்ளும். அதற்குப் பதிலாக, மணி ஒலித்தால் தன் பாய்க்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்படி அதைப் பழக்க முடியும்.

முதல் நாள், வேறொன்றும் கேட்காமல், கிளிக்கரை ஒலிப்பதும் உடனே ஒரு துண்டு தின்பண்டம் கொடுப்பதுமாகப் பத்துப் பதினைந்து முறை செய்ய வேண்டும். ஓசை கேட்ட மாத்திரத்தில் நாய் திரும்பி நம் கையைப் பார்க்கத் தொடங்கினால், ஓசை அதற்கு அர்த்தமுள்ளதாகிவிட்டது என்று அறியலாம். பட்டாணி அளவே உள்ள வேகவைத்த கோழித் துண்டோ முட்டைத் துண்டோ பனீரோ போதும். அந்த அளவை அன்றைய ஆகாரத்திலிருந்து குறைத்துவிட வேண்டும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு விஷம் என்பதை மறக்கலாகாது. அடுத்தபடி, தரையில் பாயை விரித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். நாய் பாயைப் பார்த்ததா? ஒலியுங்கள், கொடுங்கள். அதை நோக்கி ஓர் அடி வைத்ததா? ஒலியுங்கள், கொடுங்கள். ஒரு கால் பாய்மேல் பட்டால், பிறகு நான்கு காலும் பட்டால், பிறகு உட்கார்ந்தால், பிறகு படுத்தால், படுத்து இரண்டு விநாடி இருந்தால், பத்து விநாடி இருந்தால் என்று படிகளை ஒவ்வொன்றாக உயர்த்திக்கொண்டே போக வேண்டும். நாய் ஓரிடத்தில் திகைத்து நின்றுவிட்டால் குற்றம் நாயினுடையதன்று. நாம் வைத்த படி அதன் காலுக்கு எட்டாத உயரம் என்று பொருள். ஒரு படி இறங்கி மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் கற்பிப்பது வீண்.

நாய் தானாகவே ஓடிப் பாயில் படுக்கும் நிலை வந்த பின்புதான் ‘பாய்க்குப் போ’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். நம்மில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நாய்க்கு இன்னும் பொருள் தெரியாத சொல்லை இருபது முறை உரத்துச் சொல்லி, அது செவிசாய்க்கவில்லையே என்று கோபிக்கிறோம். சொல் நிலைத்த பிறகு, வாசல் மணியை முதலில் ஒலித்து, உடனே சொல்லைச் சொல்லி வந்தால், நாளடைவில் மணியோசையே கட்டளையாகிவிடும். பிழையாகக் கிளிக்கரை அழுத்திவிட்டாலும் தின்பண்டத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஓசை ஒரு வாக்குறுதி, அதை ஒரு முறையும் மீறலாகாது. நாயைக் கூப்பிடுவதற்கோ அதட்டுவதற்கோ அந்த ஓசையைப் பயன்படுத்தவும் கூடாது. ஓசைக்கே மிரளும் நாயாயின் கருவியைத் துணியில் சுற்றி ஒலியைக் குறைக்கலாம். செவிட்டு நாய்க்குக் கைச்சைகையே போதும்.

இந்த முறையில் உடல்வலிமைக்குச் சிறிதும் வேலையில்லை என்பதை நான் பெரும் நன்மையாகக் கருதுகிறேன். ராஜபாளையம் நாயைப் போன்ற பெரிய உடம்புடைய பிராணியை, கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்து அடக்கும் முறையில், ஒரு மூதாட்டியோ பள்ளிச் சிறுமியோ நடத்திச் செல்ல இயலுமா? சங்கிலி தளர்ந்திருக்கும் கணங்களைப் பார்த்துப் பார்த்து ஒலித்து வந்தால், அந்தச் சிறுமியின் பக்கத்திலேயே அந்த நாய் அடக்கமாக நடந்துவரக் கற்றுக்கொள்ளும். நகம் வெட்டவும், ஊசி போட்டுக்கொள்ளவும், வாய்க்கூடை அணியவும் இவ்விதமே பிராணிகளைப் பழக்குகிறார்கள். மிருகக்காட்சிசாலைகளில் காட்டு விலங்குகள்கூடத் தாமாகவே கம்பிக்கருகில் வந்து நின்று சிகிச்சைக்கு இடங்கொடுக்கின்றன. ஆப்பிரிக்காவின் பெரிய பை எலிகளைக் கிளிக்கரால் பழக்கிக் கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்கச் செய்யும் ஸ்தாபனமொன்று டான்ஸானியாவில் இருக்கிறது. அங்கிருந்து கம்போடியாவுக்குச் சென்ற மகாவா என்ற எலி, வெடிகளைக் கண்டுபிடித்து மனித உயிர்களைக் காத்ததற்காக 2020-இல் இங்கிலாந்தின் பி.டி.எஸ்.ஏ. என்ற பிராணிநல ஸ்தாபனத்தின் தங்கப்பதக்கத்தைப் பெற்றது.

‘இது லஞ்சமல்லவா? தீனியில்லாத நாளில் நாய் கேட்குமா?’ என்று வினவுவோர் உண்டு. லஞ்சம் என்பது காரியத்துக்கு முன்னே காட்டி ஆசையூட்டுவது. கிளிக்கருக்குப் பின் கிடைப்பது செய்த வேலைக்குக் கூலி. கையில் தின்பண்டத்தை நீட்டிக்கொண்டே நாயை அழைப்பவர்கள் செய்வதுதான் லஞ்சம். அவர்களுடைய நாய் வெறுங்கைக்கு வருவதில்லை என்பதும் உண்மை. செயலும் சொல்லும் ஊன்றிய பிறகு கிளிக்கரை எடுத்து வைத்துவிடலாம். தின்பண்டத்தையும் சில வேளை கொடுத்து, சில வேளை நிறுத்தி, பந்தெறிவது, உலாவச் செல்வது, கழுத்தைத் தடவிக்கொடுப்பது போன்ற சந்தோஷங்களை அதன் இடத்தில் வைக்கலாம்.

மற்றோர் ஆட்சேபணை இதைவிட ஆழமானது. நாய் ஓநாயின் வழித்தோன்றல். ஓநாய்க் கூட்டத்தில் பலவான் தலைவனாக இருந்து மற்றவற்றை அடக்கியாளுகிறான். ஆகையால் நாயிடம் நாம் தலைவன் என்பதை நிலைநாட்டாவிட்டால் அது தலைக்கேறிவிடும் என்ற சித்தாந்தம் பல காலமாகப் பயிற்சியாளர்களிடையே வேரூன்றியிருக்கிறது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், கூண்டில் அடைபட்ட ஓநாய்களை ஆராய்ந்து எழுதியதிலிருந்து பிறந்த கருத்து இது. ஒன்றுக்கொன்று உறவில்லாத விலங்குகளை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை மூள்வது இயல்பே. தமது 1970-ஆம் வருஷத்து நூலால் இக்கருத்தைப் பரப்பிய டேவிட் மெக் என்ற அறிஞரே, பின்னர் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களைக் கோடை தோறும் பார்த்து, அந்தக் கூட்டம் உண்மையில் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே என்றும், அங்கே ‘தலைவன்’ எனப்பட்டவன் தகப்பனே என்றும் 1999-இல் எழுதினார். தாம் எழுதியதைத் தாமே திருத்திக்கொண்ட அந்தப் பெரியவரின் வார்த்தை, நாயை மல்லாக்கத் தள்ளி மேலே அழுத்திப் பிடிக்கும் கொடிய வழக்கத்தை இன்னும் கைவிடாதவர்களின் காதில் விழவில்லையே என்பது எனக்குப் பெரும் மனக்குறை.

அடிக்கும் முறையின் பலன் என்ன என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் நாய் வளர்ப்போர் 364 பேரை விசாரித்து 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சன்மானத்தால் பழக்கப்பட்ட நாய்களுக்குக் கீழ்ப்படிதல் மிகுந்திருந்தது. தண்டனை மிகுந்த வீடுகளில் தொல்லை தரும் பழக்கங்களும் மிகுந்திருந்தன. போர்ச்சுகலில் பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களின் உமிழ்நீரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பரீட்சித்து 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, கண்டிப்பு முறைப் பள்ளிகளின் நாய்களிடம் மனக்கலக்கத்தைக் காட்டும் கார்டிசால் என்ற சுரப்பு பயிற்சிக்குப்பின் அதிகமாயிருந்ததைக் கண்டது. அந்நாய்களில் மிகக் கடுமையாக நடத்தப்பட்டவை, உணவு இருக்குமோ இராதோ என்று நிச்சயமில்லாத பாத்திரத்தை நோக்கிச் செல்லவும் தயங்கின. நல்லது கிடைக்கும் என்ற நம்பிக்கையே அவற்றுக்குக் குன்றியிருந்தது. இந்த ஒரு வரியைப் படித்தபோது மணியின் ஞாபகம் வந்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் உண்மையை மிகைப்படுத்தலாகாது. கிளிக்கர் மந்திரக்கோலன்று. இத்தாலியில் 51 நாய்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிளிக்கராலும், ஒரு பிரிவுக்கு ‘பிராவோ’ என்ற சொல்லாலும், ஒரு பிரிவுக்கு வெறும் தின்பண்டத்தாலும் கற்பித்து 2016-இல் எழுதியவர்கள், மூன்று பிரிவுகளும் ஏறத்தாழ ஒரே விதமாகவே கற்றன என்று கண்டார்கள். ஆகவே கருவி கிடைக்காதவர்கள் ‘சபாஷ்’ என்ற சொல்லையே, எப்போதும் ஒரே குரலில், அந்த நொடி தவறாமல் சொல்லிப் பழக்கலாம். எனினும் புதிதாகப் பழக்குபவருக்குக் கருவியையே நான் சிபாரிசு செய்வேன்; கோபமும் களைப்பும் நம் குரலில் ஏறும், அந்த எஃகுத் தகட்டில் ஏறுவதில்லை. மேலும், கருவி கையிலிருக்கும்போது நம்முடைய கண் நாயின் நல்ல செயலைத் தேடிக்கொண்டேயிருக்கிறது. பிரம்பு கையிலிருக்கும்போது அதன் பிழையையே தேடுகிறது. கடிக்கும் சுபாவமுள்ள நாயையோ, காரணமின்றிக் குணம் மாறிய நாயையோ கிளிக்கரை நம்பி வைத்துக்கொண்டிராமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதாவை முன்னோடியாகக் கொண்டு, பிராணிகளைக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் நம் தேசத்தில் 1960-இல் நிறைவேறியது. பிராணியைத் தேவையின்றி வருந்தும்படி அடிப்பது அச்சட்டப்படி குற்றம். ஆயினும் ‘பழக்குகிறோம்’ என்ற பெயரில் வீட்டுக் கொல்லையிலும் பயிற்சி மைதானத்திலும் நடப்பதை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? அங்கே நாய்க்குச் சாட்சியும் காவலும் அதன் எஜமானர் ஒருவரே.

ஆகையால் நாய் வளர்க்கும் அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் நாயை ஒரு பயிற்சியாளரிடம் ஒப்படைக்க எண்ணினால், பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அவர் வேறொரு நாயைப் பழக்கும் இடத்துக்குச் சென்று, அரைமணி நேரம் நின்று பாருங்கள். அவருடைய பேச்சைக் கேட்க வேண்டாம். அந்த நாயின் வாலையும் காதையும் கவனியுங்கள். அவர் கை உயர்ந்தவுடன் நாய் உடம்பைக் குறுக்கிக்கொள்ளுமானால், உங்கள் நாயை வீட்டுக்கு அழைத்துவந்துவிடுங்கள். தினம் ஐந்து நிமிஷமும் ஒரு பிடி தின்பண்டமும் செலவிட்டு, நீங்களே கற்பியுங்கள்.